எழுந்து போகாத நிழல்

எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். ஒருவன் மட்டும் உட்கார்ந்திருந்தான்.

அந்த ஒருவனுக்கு உடம்பு கிடையாது. சுவரில் தொங்கிய பெரிய திரையில் அவன் ஒரு பச்சைப் புள்ளி. சாப்பாட்டு வேளைக்கு முன் திரை முழுக்க அப்படிப்பட்ட புள்ளிகள் நெருக்கியடித்துக்கொண்டு எரிந்தன. ரசம் சாதத்தை முடித்துக் கை கழுவிவிட்டு வருவதற்குள் ஒவ்வொன்றாக அணைந்துவிட்டன. இது மட்டும் மிச்சம்.

"வயர் ஏதாவது லூஸா இருக்கும், பாருப்பா" என்றார் நந்தகோபன். அந்த விளையாட்டு நிறுவனத்துக்கு முதலாளி. கோவையில் ஒரு டயர் கடைக்கு மேலே இரண்டு மாடிகளை வாடகைக்குப் பிடித்து வீடியோ கேம் தயாரிக்க உட்கார்ந்திருந்தார். அதற்கு முன்பு நூல் வியாபாரம். எந்த இயந்திரம் தகராறு செய்தாலும் முதலில் வயரைத்தான் சந்தேகிப்பார்.

"வயரெல்லாம் ஒழுங்காத்தான் சார் இருக்கு" என்றான் ஜெபசிங். நிரல் எழுதுகிறவன், தூத்துக்குடிக்காரன். "இவன்தான் போகமாட்டேங்கான்."

"எங்க போகமாட்டேங்கறான்? எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"நம்ம ஆட்டத்த வெளியிடுறதுக்கு முன்னால ஆள் வெச்சு ஆடிப் பாக்கோம்லா சார். அவ்வோ ஆடுறப்ப கை எங்க தயங்குது, கண்ணு எங்க போகுது, எதப் பாத்தா எரிச்சல் வருது, எல்லாத்தையும் மெஷின் கத்துக்கிடுது. கத்துக்கிட்டு அவ்வோள மாதிரியே ஆடுற ஒரு நிழலச் செஞ்சிருது. ஆளுக்குச் சோறு வேணும், தூக்கம் வேணும். நிழலுக்கு ஒண்ணும் வேண்டாம். நாம சாப்பிட்டுட்டு வாறதுக்குள்ள அது ஒரு வருசம் ஆடி முடிச்சிரும்."

"ஆடி முடிச்சு?"

"எந்த எடத்துல ஆளு 'போதும்டா சாமி'ன்னு எந்திரிச்சுப் போவான்னு முன்னக்கூட்டியே தெரிஞ்சிரும். புள்ளி அணைஞ்சா ஆள் எந்திரிச்சுட்டான்னு அர்த்தம். அந்த எடத்த மேனகா யக்கா போய்ச் சரி பண்ணுவாவ."

மேனகா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'அக்கரை' என்ற அந்த ஆட்டம் அவள் கற்பனை. ஆடுகிறவன் ஒரு தோணிக்காரன். கழிமுகத்தின் இந்தக் கரையில் ஆட்களை ஏற்றி அந்தக் கரையில் இறக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' என்பதற்குள் மனிதர்களை உட்கார வைப்பதுதான் அவள் தொழில். அலுத்துப் போகிற இடத்தில் ஒரு புயலை வைப்பாள். கஷ்டப்படுகிற இடத்தில் நீரோட்டத்தைக் கொஞ்சம் தளர்த்துவாள். தனிமை தட்டுகிற இடத்தில், மாமியாரைப் பற்றிப் புலம்பும் பயணி ஒருத்தியை ஏற்றிவிடுவாள். ஒழுகுகிற பானையில் ஓட்டை தேடி அடைப்பது போன்ற வேலை. எத்தனை அடைத்தாலும் எங்கிருந்தாவது ஒழுகும். மனிதர்கள் எழுந்து போய்க்கொண்டேதான் இருப்பார்கள்.

"இவன் ஒரு வருசம் முடிஞ்சும் எந்திரிக்கல" என்றான் ஜெபசிங். "மேல மேல ஓட்டிப் பாத்துட்டேன். வயசே போயிரும் போல. ஆடிக்கிட்டே இருக்கான்."

நந்தகோபனின் முகம் மலர்ந்தது. "யாருப்பா அந்த மகராசன்?"

ஜெபசிங் விசைப்பலகையைத் தட்டினான். புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு பெயர் வந்து நின்றது.

பூபதி.

"உங்க தம்பி பேருல்லா யக்கா?"

மேனகா தலையசைத்தாள். பம்ப் செட் கம்பெனி மூடியபின் வீட்டில் சும்மா இருந்த தம்பிக்கு, வீட்டிலிருந்தபடியே ஆடிப் பார்க்கும் வேலையை வாங்கிக் கொடுத்தவளே அவள்தான்.

"அப்புறம் என்ன யோசனை, மேனகா?" நந்தகோபன் எழுந்துவிட்டார். "உன் தம்பிக்கு எது புடிச்சிருக்குதுன்னு பாரு. அதை வெச்சு மொத்த ஆட்டத்தையும் மாத்து. ஊர்ல இருக்கற அத்தனை பேரையும் அவனாட்ட ஆக்கிப்போடு."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். மேனகாவுக்குப் பின்கழுத்தில் எறும்பு ஊர்ந்தது.

அவர் போனபின், "உள்ளே காட்டு" என்றாள். "அவன் என்னதான் செய்யறான்?"

ஜெபசிங் புள்ளியைப் பெரிதாக்கினான். கழிமுகம் விரிந்தது. நடுவில் பனிமூட்டம். பனிக்குள் ஒரு தோணி. துடுப்பு மடியில் கிடக்க, அசையாமல் உட்கார்ந்திருந்தது ஓர் உருவம். வேகமாக ஓடிய காலத்தில் பகலும் இரவும் அதன் முதுகில் மாறி மாறி விழுந்தன. உருவம் திரும்பவில்லை. பிறகு என்ன தோன்றியதோ, துடுப்பை எடுத்துக் கரைக்குப் போனது. ஆட்களை ஏற்றியது. இறக்கியது. மறுபடியும் வெறும் தோணியுடன் பனிக்குள் வந்து உட்கார்ந்தது.

"அந்தப் பனிக்குள்ள என்ன யக்கா வெச்சிருக்கிய?"

"ஒண்ணுமே இல்ல."

அதுதான் உண்மை. விளையாட்டு செய்கிறவர்கள் கட்டி முடிக்காத இடத்தைப் பனி போட்டு மூடுவது வழக்கம். ஆடுகிறவர்கள் அதை அழகு என்று நினைத்துக்கொள்வார்கள். நடு ஆற்றில் என்ன வைப்பது என்று மாதக்கணக்காக மண்டையை உடைத்தும் அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பனியைப் போட்டாள். பனி அப்படியே தங்கிவிட்டது.

"எதுக்கோ காத்துக்கிட்டு இருக்காப்புல இருக்கு" என்றான் ஜெபசிங். சொல்லும்போது அவன் குரல் தானாகவே இறங்கியது.

*

சிங்காநல்லூரில், மாடி வீட்டில், பூபதி தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கி வழிந்துகொண்டிருந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"பூபதி, நெசத்தச் சொல்லு. பனிக்குள்ள போயி எதுக்கு நிக்கறே?"

"எந்தப் பனி?" திடுக்கிட்டு விழித்தான்.

"ஆட்டத்துல. நடு ஆத்துல."

"ஓ, அதா." சோற்றைப் பிசைந்தான். "சும்மாதான்க்கா. குளுகுளுன்னு இருக்குதுன்னு."

"வெளையாடாதே."

"நீதான வெளையாடச் சொல்லி வேலை வாங்கிக் குடுத்தே? ஆடறேன்க்கா. நல்லாத்தான் ஆடறேன். ஆபீஸ்ல இருந்து பாராட்டி மெயிலெல்லாம் வருது. எதுக்குப் போலீஸ்காரியாட்டக் கேக்கறே?"

அவள் மேலே கேட்கவில்லை. கேட்கப் பயம். திரையில் பார்த்த அந்த முதுகு கண்ணை விட்டுப் போகவில்லை. பகல் வருகிறது, இரவு வருகிறது, முதுகு திரும்பவில்லை. தான் கட்டிய ஏதோ ஒன்றுக்குள் கூடப்பிறந்தவன் இறங்கிக்கொண்டிருக்கிறான். எப்படி வெளியே இழுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நீ எதுவரைக்கும் வந்திருக்கேன்னு சித்தப் பாத்துட்டு வாரேன்" என்று அறைக்குள் போனாள். தினமும் வேலை முடிந்து வந்ததும் அப்படி ஓர் ஐந்து நிமிடம் அவன் கணினியில் உட்கார்ந்து பார்ப்பது அவள் வழக்கம். எங்கே தடுக்குகிறான், எங்கே திணறுகிறான் என்று தெரிந்துகொண்டால் மறுநாள் வேலைக்கு உதவும்.

தோணியைக் கொஞ்சம் நகர்த்தியிருப்பாள். பட்டென்று மின்சாரம் போய்விட்டது.

"இந்தக் கரண்டுக்கு வேற வேலையே இல்ல" என்று இருட்டில் எரிந்து விழுந்தாள். "எதுத்த வீட்டுல எரியுது பாரு. நமக்கு மட்டும் டெய்லி போகுது."

"வந்துரும். நீ வந்து சாப்பிடுக்கா. பருப்பு ஆறிப்போச்சு." பூபதி மெழுகுவத்தியோடு வாசலில் நின்றான்.

பருப்பின் மேல் ஆடை கட்டியிருந்தது. இத்தனை சீக்கிரமாகவா சமைத்து வைப்பான் என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டாள்.

*

"சார் ஆளு போகாம இருக்கதுக்குச் சம்பளம் குடுக்காரு" என்றான் ஜெபசிங் மறுநாள். "நீங்க போக வைக்கணும்ங்கிய."

"உன் தம்பியா இருந்தா என்ன செய்வே?"

அவன் கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தான். "எனக்குத் தம்பி கெடையாது. தங்கச்சிதான். சரி யக்கா, செய்வோம். சாருக்குத் தெரிஞ்சா நான் லீவுல இருந்தேன்னு சொல்லிருங்க."

மேனகா வேலையை ஆரம்பித்தாள். மனிதர்களை உட்கார வைக்க ஆயிரம் வித்தை கற்றவள் அவள். ஒருவனை எழுப்ப ஒன்று கூடத் தெரியவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

முதலில் நீரோட்டத்தைக் கொடூரமாக்கினாள். தோணி கவிழ்ந்தது, மறுபடி கவிழ்ந்தது. நிழல் பொறுமையாக நீந்தி வந்து இன்னொரு தோணியை எடுத்துக்கொண்டு பனிக்குள் போனது. பயணிகளை நிறுத்திப் பார்த்தாள். யாருமற்ற கரைகளுக்கு நடுவில் நிழல் தனியாக உட்கார்ந்திருந்தது. அலுப்பூட்டிப் பார்த்தாள், அது அலுக்கவில்லை. வாழ்த்துச் சொல்லி, மாலை போட்டு, இசை வாசித்து ஆட்டத்தை முடித்து வைத்துப் பார்த்தாள். முடிந்த மறு நொடி நிழல் முதலிலிருந்து ஆரம்பித்தது. பனியையே எடுத்துவிட்டாள். பனி இருந்த இடத்தில், வெறும் தண்ணீரின் மேல், அதே முதுகு.

அதைப் பார்த்ததும் ஜெபசிங் திரையை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

விடை வேறு எங்கிருந்தோ வந்தது. ஒரு காலை, கையில் பையும் தோளில் கணினியுமாகப் படியேறும்போது, வரவேற்பில் புதிதாகச் சேர்ந்த பெண் "குடுங்க மேடம், நான் கொண்டாறேன்" என்று தோள் பையை வாங்கிக்கொண்டாள். கனம் போன தோளுடன் மேனகா பாதிப் படியில் நின்றாள். அப்படி யாரும் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று யோசித்தாள். பிறகு மீதிப் படிகளை ஓடிக் கடந்தாள்.

அன்றே பனிக்குள் ஒரு படித்துறையைக் கட்டினாள். தோணி அருகில் வந்தால் மட்டும் பனி விலகும். படித்துறையில் நடுத்தர வயதில் ஒருத்தி முந்தானையைச் செருகிக்கொண்டு நிற்பாள். தோணிக்குள் இறங்கித் துடுப்புக்குக் கை நீட்டுவாள். "நீ எறங்கு கண்ணு. இனி நான் பாத்துக்கறேன்."

வேறு ஒன்றும் இல்லை. ஸ்கோரும் கிடையாது, பரிசும் கிடையாது.

நிழல் பனிக்குள் வந்தது. பனி விலகியது. நீட்டிய கைக்கு முன்னால் அது நெடுநேரம் தயங்கியது. பகல் போயிற்று. இரவு வந்தது. பிறகு துடுப்பைக் கொடுத்தது. படியில் ஏறி நின்று, தோணி பனிக்குள் மறைகிறவரை பார்த்தது.

பச்சைப் புள்ளி அணைந்தது.

"ஏசுவே" என்றான் ஜெபசிங் மெதுவாக. "எந்திரிச்சுட்டான் யக்கா."

திரும்ப ஓட்டினார்கள். வேறு வேறு விதமாக ஓட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் நிழல் எழுந்து போயிற்று, திரும்பி வரவில்லை. மேனகா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

*

மதியமே விடுப்புச் சொல்லிவிட்டு, மாற்றிய ஆட்டத்தைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வீடு பூட்டியிருந்தது. இந்த நேரத்தில் பூபதி திரைக்கு முன்னால் அல்லவா இருக்க வேண்டும்.

சாயங்காலமாக வந்தான். காக்கிச் சட்டை, முழங்கை வரை கிரீஸ் கறை. அவளைக் கண்டதும் படியிலேயே நின்றுவிட்டான்.

"என்னடா இது கோலம்?"

"நீ எங்கக்கா இந்நேரத்துல?"

"அதெல்லாம் அப்புறம். உள்ள வா. இதை ஆடு."

"கை கழுவீட்டு..."

"ஆடுன்னு சொல்றேன்."

உட்கார்ந்தான். கட்டுப்பாட்டுக் கருவியைத் தலைகீழாகப் பிடித்தான். அவள் பார்ப்பதைக் கண்டு திருப்பிப் பிடித்தான். தோணி கரையில் முட்டியது. பின்னால் போய் இன்னொரு தோணியில் முட்டியது.

"துடுப்புப் போடறதுக்கு எதை அமுக்கோணும்?" என்றான் அடங்கிய குரலில்.

மேனகாவுக்கு முதலில் புரியவில்லை. "நீதான ஆறு மாசமா ஆடறே?"

"மொத வாரம் ஆடுனேன்க்கா. தல சுத்துச்சு, வாந்தி வர்றாப்புல ஆயிப்போச்சு. அப்புறம் எலக்ட்ரிக் வண்டி ரிப்பேர் பண்ற பட்டறைல வேலை கெடச்சுது. காலைல நீ கெளம்புனதும் நானும் ஓடோணும். நீ வாங்கிக் குடுத்த வேலைய விட்டுட்டேன்னு சொல்ல வாய் வரல."

"அப்ப உன் பேர்ல ஆடுனது யாருடா?"

அவன் அவளைப் பார்த்தான். ஏதோ கெட்ட செய்தியைச் சொல்ல வந்தவன் சொல் தேடுவது போல இருந்தது.

"அக்கா, நீதான் தெனமும் ஆபீஸ்ல இருந்து வந்தொடனே என்ற பேர்ல உள்ள போயி உக்காருவே. 'அஞ்சு நிமிசம்'பே. அந்தப் பனிக்குள்ள போயித் தோணிய நிறுத்திப்போட்டு அப்படியே பாத்துட்டு இருப்பே. கூப்பிட்டா காதுல உழுகாது. தோளத் தொட்டாலும் தெரியாது. நான் சமைச்சு வெச்சு, நீ வருவே வருவேன்னு பாத்து, கடைசில..."

"கடைசில?"

"கீழ போயி மெயின் சுச்ச ஆஃப் பண்ணுவேன்."

பூபதி கிரீஸ் கையைச் சட்டையில் துடைத்தான்.

"மொதல்ல உம்பட வேலைதான்னு நெனச்சேன். எனக்குப் பதிலா நீ புராக்ஸி போடறேன்னு நெனச்சேன். நான் கேட்டா நீ சங்கடப்படுவேன்னு வாயத் தொறக்காம பொட்டாட்ட இருந்துட்டேன்."

மேனகா நாற்காலியின் கைப்பிடியைப் பார்த்தாள். வலது பக்கத்தில் ரெக்ஸின் தேய்ந்து உள்ளிருந்த பஞ்சு தெரிந்தது. அவளுடைய முழங்கை எப்போதும் படும் இடம்.

பனிக்குள் என்ன வைப்பது என்று யோசிக்கிற ஒரே ஆள் இந்த உலகத்தில் யார்?

"எந்திரி" என்றாள். "நான் ஆடறேன்."

பனிக்குள் போனாள். பனி விலகியது. அந்தப் பெண் இறங்கி வந்து கை நீட்டினாள். நீ எறங்கு கண்ணு. மேனகா துடுப்பைக் கொடுத்தாள். படியேறி நின்றாள். தோணி மறைந்தது. முந்தானை செருகிய விதம் சரியில்லை, கொஞ்சம் தூக்கலாகத் தெரிகிறது என்று நினைத்தாள். பனி விலகுகிற வேகத்தையும் குறைக்கலாம். எதற்கும் இன்னொரு முறை பார்த்துவிடலாம்.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

மின்சாரம் போயிற்று. இருட்டில் பூபதி படியேறி வரும் சத்தம் கேட்டது. எத்தனை நேரம் ஆகியிருக்கும் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

*

"உங்க நிழலுக்குப் பனிக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாதுல்லா" என்றான் ஜெபசிங். மறுநாள் காலை, அலுவலகத்தில் மேனகா நடந்ததையெல்லாம் அவனிடம் சொல்லியிருந்தாள்; பூபதியும் பட்டறைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் கூட வந்திருந்தான். "அது கத்துக்கிட்டது நீங்க படித்துறை கட்டுறதுக்கு முன்னால உள்ள மேனகா யக்காவ. அது ஆச்சரியப்பட்டுச்சு, எந்திரிச்சுது. நீங்க கட்டுனவ்வோ. அந்தப் பொம்பள வாயத் தொறக்கும் முன்னாலயே என்ன சொல்லுவான்னு உங்களுக்குத் தெரியும்."

"அப்ப நான் வெச்ச வாசல் எல்லாருக்கும் வேலை செய்யும். எனக்கு மட்டும் செய்யாது."

"ஆமா. நீங்களா இன்னொண்ணு வெச்சாலும் செய்யாது. வேற யாராச்சும் வைக்கணும், உங்களுக்குத் தெரியாம."

"நான் வெக்கறேன்" என்றான் பூபதி.

இருவரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"உனக்குத் தோணி ஓட்டவே வரல" என்றாள் மேனகா.

"மோட்டார் ஓடலீன்னா எங்க புடிச்சிருக்குதுன்னு பாக்கத் தெரியும். இதும் அதாட்டத்தான? நீ எங்க புடிச்சுட்டு நிக்கறேன்னு பாக்கோணும். இத்தன வருசமா உங்கூட இருக்கறேன், அதுகூடத் தெரியாதா?"

நந்தகோபனிடம் மேனகாவே போய்ச் சொன்னாள். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "அப்ப அது கஸ்டமரே இல்லையா? செஞ்சவளே உக்காந்து செஞ்சதப் பாத்துட்டு இருந்தியா? அட போம்மா. ஊர்ல எவன் உன்னாட்ட உக்காருவான்?" மொத்த ஆட்டத்தையும் மாற்றும் யோசனை அத்தோடு போயிற்று. படித்துறையை மட்டும் விட்டுவைக்கச் சொல்லி மன்றாடினாள். எழுந்து போகிறவன் நல்ல மனதோடு போனால் நாலு பேருக்குச் சொல்வான் என்று வியாபாரக் கணக்குப் பேசியதும் ஒப்புக்கொண்டார்.

அதன்பின் பூபதி தினமும் பட்டறை முடிந்து அலுவலகத்துக்கு வந்தான். மேனகா இறங்கும் படியில் அவன் ஏறுவான். "ரொம்ப மெனக்கெடாதே, கம்ப்யூட்டர்ல கிரீஸ் ஆயிரும்" என்பாள். "நீ போயிச் சோத்த வெய்யி" என்பான். என்ன செய்கிறான் என்று அவள் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று ஜெபசிங் சொல்லியிருந்தான். அவள் வீட்டில் ஆடிய ஆட்டத்தையெல்லாம் அன்றன்றைக்கே அவள் நிழலுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் நிழலுக்கும் தெரியும்; பூபதி வைப்பதையெல்லாம் முதலில் அந்த நிழலிடம்தான் சோதித்தார்கள்.

ஆடாமல் இருந்துவிட முடியுமா என்று ஒருநாள் முயன்றாள். துணி மடித்தாள். தொலைக்காட்சி பார்த்தாள். நடுவில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பினால், கையிலிருந்து கட்டுப்பாட்டுக் கருவி விழுந்த சத்தம். நாற்காலியில் வந்து உட்கார்ந்தது எப்போது என்று தெரியவில்லை. திரையில் பனி. பனிக்கு நடுவில் அவள் தோணி. துணி பாதி மடித்தபடி கட்டிலில் கிடந்தது.

வேறு என்ன செய்வது, காத்திருந்தாள். ஒவ்வொரு சாயங்காலமும் பனிக்குள் போகும்போது, இன்றைக்கா என்று தேடினாள். எதுவும் மாறியிருக்காது. அந்தப் பெண் கை நீட்டுவாள். மேனகா முதலிலிருந்து ஆரம்பிப்பாள். அலுவலகத்திலிருந்து திரும்பும் பூபதி கீழேயே மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் படியேறுவான். தம்பி முடியாமல் கைவிட்டுவிட்டானோ என்றுகூட நினைத்தாள்.

பிறகு ஒரு சாயங்காலம் பனி விலகியபோது படித்துறையின் மூன்றாவது படி கோணலாக இருந்தது.

முதலில் கண் ஏமாற்றுகிறது என்று நினைத்தாள். கிட்டே போனாள். கோணல்தான். கீழ்ப் படியோடு ஒட்டாமல் ஒரு பக்கம் துருத்திக்கொண்டிருந்தது. அதன் நிழலும் சூரியன் இருக்கும் பக்கமாகவே விழுந்தது.

பார்க்காத மாதிரி தோணியைத் திருப்பினாள். அக்கரைக்குப் போய் ஆட்களை இறக்கிவிட்டு வந்தாள். படி அப்படியே கோணலாக இருந்தது. அந்தப் பெண் அதன் மேல் கால் வைத்து இறங்கியபோது கால் கல்லுக்குள் பாதி புதைந்தது. "நீ எறங்கு கண்ணு" என்று ஆரம்பித்தாள்.

"இரும்மா" என்று மேனகா திரையைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னாள். கருவியை வைத்துவிட்டு எழுந்து சமையலறைக்குள் புகுந்தாள்.

"அந்தப் படியக் கட்டுனது எந்தக் கூமுட்டை?"

"நாந்தான்." பூபதி அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். "உக்காரு."

"சூரியன் கெழக்க நிக்குது, நெழலும் கெழக்கயே விழுது. கண்ணு தெரியுமா தெரியாதா உனக்கு? அவ காலு கல்லுக்குள்ள போகுது. பாக்கறவன் காறித் துப்ப மாட்டான்?"

"பாத்துத்தான்க்கா வெச்சேன். எத்தன கோணல் வெக்கோணும்னு கண்டுபுடிக்கறதுக்கே நாள் போயிருச்சு. உன்ற நெழல வெச்சுத்தான் பாத்தோம். கம்மியா வெச்சா நீ பொறுத்துக்கறே. ரொம்ப வெச்சா மெஷின் கோளாறுன்னு வுட்டுப்போடறே. படி இந்த அளவு கோணி, நெழலும் தப்பா விழுந்தா எந்திரிச்சு வந்துடறே, திட்டறதுக்கு. ஜெபசிங் சிரிச்சுச் சிரிச்சுக் கீழ உழுந்துட்டான்."

மேனகா அப்போதுதான் மேசையைப் பார்த்தாள். இரண்டு தட்டு. அவளுடைய தட்டில் தோசை. ஓரம் இன்னும் மொறுமொறுவென்றிருக்க, ஆவி பறந்தது. கல்லிலிருந்து இப்போதுதான் இறங்கியிருக்க வேண்டும். பக்கத்தில் சட்னி ஊற்றி, தண்ணீர் மொண்டு வைத்திருந்தது.

"நான் எப்ப வருவேன்னு..."

"நெழல் காட்டுன நேரத்துக்கு ஒரு தோசை முன்னப் பின்ன ஆகும்னு நெனச்சேன். ஆகல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை நிறுத்த முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சூடான சாப்பாடு சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று. ஒரு வாய் பிட்டு வைத்தாள். இரண்டாவது வாய் பிட்ட கை அப்படியே நின்றது.

"பூபதி."

"ம்."

"எந்திரிச்சு வந்துடறேன்னு பாத்தீங்க. அதோட நிறுத்தியிருக்க மாட்டீங்களே. மேல ஓட்டிப் பாத்திருப்பீங்க. ஒரு வருசம், ரெண்டு வருசம்."

அவன் தோசையைத் திருப்பினான்.

"அணைஞ்ச புள்ளி அணைஞ்சதுதானா? மறுபடி எரிஞ்சுச்சா?"

"சொன்னா வேலை செய்யாதுக்கா" என்றான்.

அடுப்பை அணைத்தான். தன் தட்டில் தோசையை எடுத்துப் போட்டுக்கொண்டான். மேசைக்கு வரவில்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், கணினி இருந்த அறையின் வாசலை அடைத்தாற்போலப் போட்டு, அதில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தான்.